எட்டு, ஒன்பதாம் வகுப்பில் சரியும் பிள்ளையைத் திரும்பப் படிக்க வைப்பது: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் வீட்டுக்கு வருகிற வாரத்தில் எங்கள் மாடிப்படியில் செருப்புகள் கூடும். குடியாத்தத்தில் வீட்டு மாடியில் சாயங்கால வகுப்பு நடத்துகிறேன். வருகிற அம்மாக்கள் ஏறக்குறைய ஒன்றையேதான் சொல்வார்கள்: “புஸ்தகத்த வெச்சிகினு உக்காந்துகினுதான் கீறான் மிஸ், மார்க்குதான் வர மாட்டேங்குது. ஆர்வமே இல்ல. நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க.”

புத்தி சொல்லி நான் யாரையும் படிக்க வைத்ததில்லை. இந்த வயதில் ஆர்வம் இல்லை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் வெட்கம். ஐந்தாவதிலோ ஏழாவதிலோ ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும். அதைக் கேட்கக் கூச்சப்பட்டே இரண்டு வருடம் ஓட்டியிருப்பான். விட்டுப்போனதைக் கண்டுபிடித்து அடைத்தால் நாலு கணக்கு சரியாக வரும். நாலு கணக்கு வந்த பிறகுதான் ஐந்தாவதைப் போட மனசு வரும்.

இதில் வரிசை முக்கியம். முதலில் ஃபோனைப் பிடுங்கி, பிறகு டியூஷன் சேர்த்து, பிறகு சண்டை போட்டு, கடைசியில் விடைத்தாளைப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். இங்கே அது தலைகீழ்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடைசித் தேர்வின் எல்லா விடைத்தாள்களும், அவற்றின் கேள்வித்தாள்களோடு. ஐந்து, ஆறு, ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகமும் ஆங்கிலப் புத்தகமும். பக்கத்து வீட்டில் பழையது கிடைக்கும், இல்லையென்றால் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு. இருநூறு பக்க நோட்டு வாங்க வேண்டாம், அதைப் பார்த்தாலே பிள்ளைக்கு அலுப்பு வரும். அப்புறம் ஆறு வாரம், தினமும் அரை மணி நேரம் கூட உட்காரக்கூடிய ஒரு பெரியவர். தாத்தாவாக இருந்தாலும் சரி, அக்காவாக இருந்தாலும் சரி, அந்த ஆறு வாரமும் ஒரே ஆள்.

1. ஒரு வாரம் படிப்பைப் பற்றிப் பேசாதீர்கள்

உண்மையாகவே ஒரு வாரம். “படிச்சியா?”, “பரீட்சை எப்ப?”, “அந்தப் பொண்ணு எவ்வளவு?” எதுவும் கூடாது.

காரணம் இருக்கிறது. தினமும் கேட்டுக் கேட்டு “படிச்சிட்டேன்” என்ற ஒரு சொல்லைப் பிள்ளை கேடயமாகப் பிடித்துவைத்திருக்கும். கேள்வி நின்றால்தான் அந்தக் கேடயம் இறங்கும். அது இறங்காமல் விடைத்தாளைப் பிரிக்கும் மூன்றாம் படிக்குப் போனால், நீங்கள் சோதிக்கிறீர்கள் என்று நினைத்து எல்லாவற்றையும் மறைக்கும்.

என் வீட்டிலேயே நடந்தது. என் மகன் எட்டாவது படித்தபோது, நானூறு மார்க் எடுத்தால் கியர் சைக்கிள் என்று சொல்லியிருந்தேன். ஒரு நாள் அரிசி டிரம்மை நகர்த்தினால் பின்னால் கணக்கு விடைத்தாள் நான்காக மடித்துக் கிடக்கிறது. அதில் என் கையெழுத்தும் இருந்தது, என்னைவிட அழகாகப் போட்டிருந்தான். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வீட்டில் இந்த நிலைமை. அன்று அவனைத் திட்டினேன், அது தப்பு. மார்க்குக்கு விலை பேசியது நான்தான்.

இந்த ஒரு வாரத்தில் பெரும்பாலான வீடுகள் மூன்றாம் நாளே தோற்கும், அதுவும் சாப்பிடும்போது. அப்பாக்கள்தான் முதலில் வாயைத் திறப்பார்கள். தோற்றால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணுங்கள்.

2. உடம்பை முதலில் பாருங்கள்

அந்த வாரத்துக்குள் கண் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை “தெரியல” என்று சொல்லாது. பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்து எழுதும். நாளடைவில் எழுதுவதையும் விட்டுவிடும். கண்ணாடி போட்டதும் மார்க் ஏறிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த வழிகாட்டியின் மீதிப் படிகள் தேவைப்படவே இல்லை.

பெண்பிள்ளை எப்போதும் சோர்ந்து படுத்தால் ரத்தசோகை இருக்கிறதா என்று அரசு மருத்துவமனையில் பார்த்துவிடுங்கள். பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, ஜன்னல் வழியாகப் போடுகிறாளா என்றும் கேளுங்கள்.

தூக்கம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும். இந்த வயதில் தூக்கம் வரும் நேரமே இயல்பாகத் தள்ளிப்போகும். பதினோரு மணிக்குத் தூங்கின பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பி உட்கார வைத்தால், அது புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கும். விடியற்காலைப் படிப்பு நல்லதுதான், ஒன்பது மணிக்கே படுக்கிற வீட்டில்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையில் ஏப்ரல் மாதம் மதியம் யாராலும் படிக்க முடியாது. வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

3. விடைத்தாளைப் பிரித்துப் படியுங்கள்

இதுதான் முதுகெலும்பு. இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க ஒதுக்குங்கள். முதல் தடவை பிள்ளை பக்கத்தில் வேண்டாம்.

மேலே எழுதியிருக்கும் மொத்த மார்க்கை ஒரு துண்டுத்தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள். அது கண்ணில் பட்டால் கோபம் வரும், கோபத்தில் எதுவும் தெரியாது. பிறகு போன ஒவ்வொரு மார்க்கையும் மூன்றில் ஒன்றில் சேருங்கள்: விட்டுவிட்டது, தெரியாமல் எழுதியது, தெரிந்தும் நடுவில் உடைந்தது.

ஒன்பதாவது படிக்கும் ஒரு பையனின் கணக்குத் தாளைச் சொல்கிறேன். நூற்றுக்கு 31. அவன் நைனா லுங்கி நெய்கிறவர். “கணக்கே வராது அவனுக்கு, எனக்கும் வராது” என்று சொல்லித்தான் கொடுத்தார். பிரித்துப் பார்த்தோம். போன 69 மார்க்கில் 30 தொடாமலே விட்டவை. 17 தெரியாமல் எழுதியவை. மீதி 22 சரியாக ஆரம்பித்து நடுவில் உடைந்தவை. எங்கே உடைந்தன என்று விரல் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே ஜாதி: −7 + 4 என்று வந்த இடத்தில் −11 என்று போட்டிருந்தான். அது ஆறாம், ஏழாம் வகுப்பில் வரும் முழுக்கள், அதாவது கழித்தல் குறி போட்ட எண்களும் சேர்ந்த கணக்கு. ஒன்பதாவது பாடமான பல்லுறுப்புக்கோவையை நன்றாகவே புரிந்துகொண்டிருந்தான். கழித்தல் குறிதான் அவனைக் கவிழ்த்தது.

“கணக்கு வராது” என்ற பெரிய பூதம் “கழித்தல் குறி வராது” என்று சுருங்கிப்போனதைப் பார்த்ததும் அந்தப் பையன் முகம் மாறியது. எந்த அறிவுரையாலும் அந்த மாற்றம் வந்திருக்காது.

பெற்றோருக்குப் படிப்பு இல்லையென்றால்? இந்த ஒரு படிக்கு மட்டும் கல்லூரி படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலை நேரம்தான்.

4. ஓட்டை எந்த வகுப்பில் இருக்கிறது என்று கீழே இறங்கிப் பாருங்கள்

கணக்கில் முழுக்கள், பின்னங்கள், வாய்ப்பாடு, நீள் வகுத்தல் இந்த நான்கையும் பாருங்கள். பாதிக்கு மேல் பிள்ளைகள் இந்த நான்கில் ஏதோ ஒன்றில்தான் நிற்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் தொடங்கி மேலே ஏறுங்கள். ஒன்பதாவதிலிருந்து இறங்கினால் ஒவ்வொரு படியிலும் தோற்றுக்கொண்டே வரும். கீழிருந்து ஏறினால் முதல் பத்து நிமிடம் எல்லாம் சரியாக வரும்.

மற்ற பாடங்களுக்கு வாசிப்பைச் சோதியுங்கள். அறிவியலும் சமூக அறிவியலும் வரவில்லை என்றால் பல நேரம் வாசிப்புதான் வரவில்லை. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகம். நூறு சொல் உள்ள ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து, ஆறு இடத்துக்கு மேல் தடுமாறினால் அந்தப் புத்தகத்தைத் தனியாகப் படித்துப் புரிந்துகொள்வது கஷ்டம். ஒரு வகுப்பு கீழே இறங்குங்கள். என் வகுப்பில் வைத்திருக்கும் அளவு இதுதான்.

இங்கே புதியவர்கள் சறுக்குவது, “ஒம்பதாவது படிக்கிற, அஞ்சாவது புஸ்தகம் படிக்கத் தெரியல” என்று தங்கை முன்னால் சொல்லிவிடுவதில். அதோடு கதை முடிந்தது. கீழ்வகுப்புப் புத்தகத்துக்குக் காக்கி அட்டை போட்டு, மேலே வகுப்பை எழுதாமல் விடுங்கள். நண்பன் வீட்டுக்கு வந்தால் அது வெறும் கணக்குப் புத்தகம், அவ்வளவுதான்.

5. ஒரு பாடம், இருபது நிமிடம், ஒரே இடம்

எந்தப் பாடம்? குறைந்த மார்க் வாங்கியதை எடுக்காதீர்கள். ஓட்டை சின்னதாக இருக்கும் பாடத்தை எடுங்கள். வகுப்பில் அடுத்து வைக்கும் தேர்விலேயே பத்து மார்க் ஏற வேண்டும். அதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்க வேண்டும். மீதிப் பாடங்கள் ஆறு வாரம் இப்படியே கிடக்கட்டும். இதைச் சொன்னால் அப்பாக்களுக்குப் படபடப்பு வரும். இப்போதும் அவை கிடக்கத்தானே செய்கின்றன?

எப்போது? பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் தெருவில் திரிந்த பிறகு. பேரணாம்பட்டு பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து போகும் பிள்ளைகள் வீடு சேரும்போதே இருட்டிவிடும். அவர்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் இருபது நிமிடம்.

இருபது நிமிடம் ஆனதும் நிறுத்துங்கள். “இன்னும் ஒரு கணக்கு” என்று இழுக்கக் கூடாது, நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் கூடாது. நாளைக்கும் இருபது நிமிடம்தான் என்ற நம்பிக்கையில்தான் பிள்ளை நாளைக்கு வந்து உட்காரும். ஒரு தரம் ஏமாற்றினால் மறுநாள் வயிற்றுவலி வரும்.

கூட உட்காரும் பெரியவர் தன் வேலையைச் செய்யட்டும். பீடி இலை வெட்டலாம், கீரை ஆயலாம், கணக்கு நோட்டு எழுதலாம். பிள்ளையின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டாம். தப்புப் போட்டால் உடனே திருத்தாமல், முடிந்த பிறகு “இந்த வரியை எனக்கு விளக்கு” என்று கேளுங்கள். விளக்கும்போது பாதித் தப்பை அதுவே கண்டுபிடிக்கும். கழித்தல் குறிக்கு நான் சொல்வது கடைப் பாக்கி: அண்ணாச்சிக்கு ஏழு ரூபாய் பாக்கி, நாலு ரூபாய் கொடுத்தாச்சு, இப்போ எவ்வளவு பாக்கி? அந்தத் தறிக்காரர் மகன் ஒரு வாரத்தில் தேறிவிட்டான். பாக்கி என்றால் என்னவென்று வீட்டில் தினமும் பார்க்கிறவன் அவன்.

6. ஃபோன்

இப்போதுதான் ஃபோனுக்கு வருகிறோம். இருபது நிமிடம் வீட்டிலுள்ள எல்லா ஃபோனும் ஒரு எவர்சில்வர் டப்பாவில், சமையலறையில். அப்பாவுடையதும்தான். முழுதாகப் பிடுங்குவது வேண்டாம். அது இரவில் போர்வைக்குள் திரும்பி வரும். படுக்கப் போகும் முன் மட்டும் டப்பாவுக்குள் மறுபடி போக வேண்டும். அது தூக்கத்துக்காக.

7. பரிசும் அடியும்

மார்க்குக்குப் பரிசு பேசாதீர்கள், என் சைக்கிள் கதையைப் பார்த்தீர்கள். மார்க் பிள்ளையின் கையில் முழுதாக இல்லை. உட்காருவது கையில் இருக்கிறது. ஆறு நாள் உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி என்று வைத்துக்கொள்ளுங்கள், மார்க் எவ்வளவு வந்தாலும்.

பாராட்டும்போது “நீ புத்திசாலி” என்று பொதுவாகச் சொன்னால், அடுத்த தடவை கஷ்டமான கணக்கைத் தொடவே பயப்படும். “நாலாவது வரியில் குறியைச் சரியா மாத்தின” என்று நடந்ததைச் சொல்லுங்கள்.

அடித்தால் அன்றைக்கு உட்காரும். உட்காருவதையும் அடியையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

8. பள்ளிக்குப் போய்க் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

மூன்றாம் வாரத்தில் போங்கள், அதற்கு முன் வேண்டாம். கையில் ஒரு தகவலோடு போனால் ஆசிரியரும் காது கொடுப்பார். “சார், இவனுக்கு முழுக்கள் விட்டுப்போயிருக்கு, வீட்டில் போட்டுக்கினு இருக்கோம்” என்று தொடங்குங்கள். பிறகு கேளுங்கள்: எந்த வரிசையில் உட்காருகிறான்? எந்தப் பாடவேளையில் அமைதியாகிவிடுகிறான்? யாரோடு சேருகிறான்? “எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்டால் “சுமார்தான்” என்ற பதில்தான் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பிள்ளையைக் கூட அழைத்துப் போக வேண்டாம். இரண்டு பெரியவர்கள் நடுவில் தலைகுனிந்து நிற்கும் பிள்ளை, அன்றோடு உங்கள் இருவரையும் ஒரே கட்சியாக எண்ணிவிடும்.

9. “எதுக்குப் படிக்கணும்?” என்று கேட்டால்

நாலாம் வாரம் வாக்கில் இந்தக் கேள்வி வரும். வந்தால் நல்லது, பேச ஆரம்பித்திருக்கிறது. “படிக்கலன்னா மாடு மேய்க்கத்தான் லாயக்கு” என்று மட்டும் சொல்லாதீர்கள். வீட்டில் மாடு மேய்க்கிறவரும் தறி ஓட்டுகிறவரும் இருக்கிறார்கள். அவர்களுடைய சோற்றைத் தின்றுகொண்டே அவர்களை இழிவாக நினைக்கச் சொல்லித் தருகிறோம்.

“ஷூ கம்பெனிக்குப் போறேன்” என்று சொல்லும் பையனிடம் சண்டை போடாமல், அங்கே வேலை பார்க்கும் மாமாவோடு ஒரு நாள் பேச விடுங்கள். என்ன சம்பளம், எத்தனை மணி நேரம், சூப்பர்வைசர் என்ன படித்தவர் என்று அவனே கேட்கட்டும். பத்தாவது முடித்ததும் சேரும் மூன்றாண்டு டிப்ளமோ வேலூரில் தந்தை பெரியார் அரசு பாலிடெக்னிக்கிலேயே இருக்கிறது. ஒரு நாள் கூட்டிப் போய்ப் பட்டறையைக் காட்டிவிட்டு வாருங்கள். டாக்டர் ஆகணும் என்று சொல்லிச் சி.எம்.சி. வாசலைக் காட்டுவதைவிட இது பலிக்கும். பதினான்கு வயதுக்குப் பத்து வருடம் தள்ளி இருப்பது தெரியாது. அடுத்த தெருவில் இருப்பது தெரியும்.

அரசு அல்லது உதவி பெறும் பள்ளியில் எட்டாவது படிப்பவர்களுக்கு உடனடியான ஒரு காரணமும் இருக்கிறது: தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்கு மேல் போகாமல் இருந்து, இதில் தேர்வானால், ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருடம் 12,000 ரூபாய். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. மனத்திறன் கேள்விகள் புதிர் மாதிரி இருப்பதால், புத்தகம் பிடிக்காத பிள்ளைகூட அதைப் போட்டுப் பார்க்கும். கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

10. சறுக்கும் வாரம்

நிச்சயம் வரும். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, சித்தப்பா கல்யாணம், காய்ச்சல், ஏதாவது ஒன்று. மூன்று நாள் விட்டுப்போனதும் “எல்லாம் வீணாப் போச்சு” என்று பெரியவர்கள்தான் முதலில் கைவிடுகிறார்கள். நாலாம் நாள் பத்து நிமிடம் மட்டும் உட்காரச் சொல்லுங்கள், அதுவும் ஏற்கெனவே தெரிந்த கணக்கோடு. விட்டதை ஈடுகட்ட ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் முழுதாகவே அறுந்துபோகும்.

ஆறு வாரம் ஒழுங்காக நடந்தும் எழுத்துகள் மாறி மாறி வருகின்றன, படித்தது நிற்கவே இல்லை என்றால் சோம்பல் என்று முடிவுகட்டாதீர்கள். கற்றல் குறைபாடா என்று குழந்தைகள் மருத்துவரிடம் கேளுங்கள். மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் உண்டு. பிள்ளை சாப்பாட்டையும் விளையாட்டையும் நண்பர்களையும்கூட விட்டு ஒதுங்கினால் அப்போது படிப்பு இரண்டாம் பட்சம். 14416 மனநல உதவி எண், அழைத்துப் பேசுங்கள். யாராவது துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் 1098.

11. இரண்டாவது பாடத்தை எப்போது சேர்ப்பது

முதல் பாடத்தில் ஒரு தேர்வு ஏறிய பிறகு. அதே இருபது நிமிடத்தைப் பங்கு போடாமல், இடையில் பத்து நிமிடம் எழுந்து நடக்கவிட்டு இன்னொரு இருபது நிமிடம். எந்தப் பாடம் என்பதை இந்தத் தடவை பிள்ளையே சொல்லட்டும். தறிக்காரர் மகன் சமூக அறிவியல் என்றான், நான் ஆங்கிலம் என்று நினைத்திருந்தேன். சரி என்று விட்டுவிட்டேன். அரையாண்டில் கணக்கில் 54 வாங்கினான். விடைத்தாளை அவனே கொண்டுவந்து மேஜையில் விரித்து, மொத்த மார்க்கின் மேல் துண்டுத்தாளை ஒட்டிவிட்டு, “எங்க உடஞ்சிருக்குன்னு பாக்கலாம் மிஸ்” என்றான்.